சர்வபள்ளி இராதாகிருஷ்ணன்: வாழ்க்கையும் தன்வரலாற்று எழுத்துகளும்

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் (5 செப்டம்பர் 1888 – 17 ஏப்ரல் 1975) இருபதாம் நூற்றாண்டின் இந்திய மெய்யியலாளர்களுள் உலக அளவில் மிகுதியாக அறியப்பட்டவர். இந்தியாவின் முதல் குடியரசுத் துணைத்தலைவராகவும் (1952–1962) இரண்டாவது குடியரசுத் தலைவராகவும் (1962–1967) பணியாற்றியவர். அதற்கு முன்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மெய்யியல் கற்பித்தவர். அவருடைய பிறந்த நாளே இந்தியாவில் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பல நூல்களை எழுதிய இராதாகிருஷ்ணன், தம் வாழ்க்கையைப் பற்றி முழு நூல் எதையும் எழுதவில்லை. அவர் தம்மைப் பற்றி விரிவாக எழுதியவை இரண்டு கட்டுரைகள். ஒன்று 1937-இலும் மற்றொன்று 1952-இலும் வெளிவந்தன. அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவர் மறைந்து 14 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் 1989-இல் நூலாக வெளியிட்டார். தந்தை சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் மகன் சொன்னதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த மனிதரை ஓரளவேனும் அறிய முடியும்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

இராதாகிருஷ்ணன் முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்றான திருத்தணியில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வீராசாமி, தாய் சீதம்மா. குடும்பப் பெயரான சர்வபள்ளி, நெல்லூர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். திருத்தணி அப்போது சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுடன் சேர்ந்தது. எல்லைச் சிக்கல் தீர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

குடும்பம் வசதியானது அன்று. தந்தை குறைந்த வருவாயுள்ள வருவாய்த்துறை ஊழியர். உதவித்தொகைகளின் துணையாலேயே மகனின் படிப்பு தொடர்ந்தது. திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளி (1896–1900), வேலூரில் ஊரீசுக் கல்லூரி (1900–1904), சென்னையில் கிறித்தவக் கல்லூரி (1904–1908) என மொத்தம் 12 ஆண்டுகள் கிறித்தவ மிஷன் நிறுவனங்களிலேயே அவர் பயின்றார். கோயில் நகரில், பக்தி மிகுந்த வீட்டில் வளர்ந்த சிறுவன், பகலில் அந்தப் பக்தியைக் குறை சொல்லும் வகுப்பறையில் அமர்ந்திருந்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னாளில் அவர் எழுதிய அனைத்துக்கும் ஒரு திறவுகோல் கிடைக்கும்.

மாணவப் பருவத்திலேயே சிவகாமு அம்மையாருடன் அவருக்குத் திருமணம் நடந்தது. இவர்களுக்கு ஐந்து பெண்களும் ஓர் ஆணும் பிறந்தனர். அந்த ஒரே மகன்தான் கோபால்.

மெய்யியல் பாடத்துக்கு வந்த வழி

இராதாகிருஷ்ணன் மெய்யியலை விரும்பித் தேர்ந்தெடுத்தவர் அல்லர். எந்தப் பாடத்தை எடுப்பது என்ற குழப்பத்தில் இருந்த நேரத்தில், பட்டப்படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். அவை உளவியல், அளவையியல், அறவியல் நூல்கள். புத்தகம் வாங்கும் செலவு மிச்சமாயிற்று, பாடமும் முடிவாயிற்று. இச்செய்தியை இராதாகிருஷ்ணனே தம் 1937-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதியுள்ளார். இவ்வாறு தம் வாழ்க்கையை உருவாக்கிய தற்செயல் நிகழ்ச்சிகளைத் திரும்பிப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிலும் கூடுதலாக ஏதோ ஒன்று இதில் இருக்கிறது என்ற நம்பிக்கை தமக்கு ஏற்படுவதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

ஏழை மாணவர் ஒருவருக்கு ஓசியில் கிடைத்த பாடநூல்கள் அவருடைய வாழ்நாள் துறையை முடிவு செய்தன. உயர்கல்வியில் பாடத்தேர்வு பற்றிக் கவலைப்படும் இன்றைய மாணவர்களும் பெற்றோரும் இதை நினைவில் கொள்ளலாம்.

பேராசிரியர் ஹாக்கும் 1908-ஆம் ஆண்டு ஆய்வேடும்

கிறித்தவக் கல்லூரி அப்போது சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது 1937-இல்தான். அங்கே மெய்யியல் கற்பித்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். அவரே ஒரு மிஷனரி. கர்மக் கோட்பாட்டை ஆராய்ந்து எழுதியவர்.

அக்காலத்தில் மிஷனரிகள் பலர் வேதாந்தத்தின் மீது ஒரு குற்றச்சாட்டை அடிக்கடி வைத்தனர். உலகம் மாயை என்றால் அதில் செய்யும் நன்மையும் தீமையும் மாயைதானே. அப்படியானால் வேதாந்தத்தில் அறத்துக்கு இடம் எங்கே என்பதே அது. இக்கேள்வி மாணவரான இராதாகிருஷ்ணனைக் கலங்க வைத்தது. விவேகானந்தரின் பேச்சுகள் அவருக்குப் பெருமிதம் அளித்தன. மிஷன் வகுப்பறையோ அந்தப் பெருமிதத்தைக் கேள்விக்கு உட்படுத்தியது. தாம் பிறந்த சமயத்தில் உயிருள்ளது எது, பட்டுப்போனது எது என்று ஆராய வேண்டிய நிலைக்கு அவர் தள்ளப்பட்டார்.

அதன் விளைவே எம்.ஏ. பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு. வேதாந்தத்தின் அறவியலையும் அதன் அடிப்படைக் கருத்துகளையும் பற்றிய இந்த ஆய்வேடு 1908-இல் அச்சாகியது. ஆசிரியர்களின் தரப்பையே மறுக்கும் வேலை என்பதால், ஹாக் வருத்தப்படுவாரோ என்ற அச்சம் மாணவருக்கு இருந்தது. ஹாக் அந்த ஆய்வேட்டை மனமாரப் பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார். மெய்யியல் சிக்கலின் முக்கியக் கூறுகளை இம்மாணவர் நன்கு புரிந்துகொண்டுள்ளார் என்பது அச்சான்றின் சாரம்.

இராதாகிருஷ்ணனின் வாழ்க்கையில் இது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால் தம் கருத்தை மறுத்து எழுதிய இருபது வயது மாணவருக்கு ஓர் ஆசிரியர் நேர்மையாக மதிப்பிட்டதால்தான் அந்த மாணவருக்கு எழுதும் துணிவு வந்தது.

பணி வாழ்க்கை

1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார். அதன்பின் அவருடைய பணிகள் வருமாறு:

1918–1921: மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பேராசிரியர். அங்கிருந்து விடைபெற்றபோது, மாணவர்கள் அவர் அமர்ந்த வண்டியைத் தாங்களே இழுத்து இரயில் நிலையம் வரை கொண்டு சென்றனர்.

1921 முதல்: கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மெய்யியல் இருக்கை. இக்காலத்தில் ‘இந்தியன் ஃபிலாசஃபி’ நூலின் இரு தொகுதிகளும் (1923, 1927) வெளிவந்தன. 1926-இல் ஆக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய அப்டன் சொற்பொழிவுகள் ‘தி ஹிந்து வியூ ஆஃப் லைஃப்’ (1927) என்ற நூலாயின.

1931–1936: ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். ஹிப்பர்ட் சொற்பொழிவுகளின் நூல் வடிவமான ‘ஆன் ஐடியலிஸ்ட் வியூ ஆஃப் லைஃப்’ 1932-இல் வந்தது.

1936–1952: ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர்.

1939–1948: காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

1948–1949: பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் தலைவர்.

1949–1952: சோவியத் ஒன்றியத்துக்கான இந்தியத் தூதர்.

இதன்பின் குடியரசுத் துணைத்தலைவர், குடியரசுத் தலைவர். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1967-இல் பதவிக்காலம் முடிந்ததும் சென்னை மயிலாப்பூரில் இருந்த தம் ‘கிரிஜா’ இல்லத்துக்குத் திரும்பினார். அவ்வீடு இருந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலை இன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை எனப்படுகிறது. 1975-இல் தமக்கு வழங்கப்பட்ட டெம்பிள்டன் பரிசுத் தொகை முழுவதையும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கே அளித்தார்.

முதல் கட்டுரை: ‘மை சர்ச் ஃபார் ட்ரூத்’ (1937)

‘உண்மைக்கான என் தேடல்’ என்று பொருள்படும் இக்கட்டுரை, வெர்ஜிலியஸ் ஃபெர்ம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தொகுத்த ‘ரிலிஜன் இன் டிரான்சிஷன்’ என்ற நூலில் வெளிவந்தது. சமயச் சிந்தனையாளர்கள் சிலரிடம் தத்தம் சிந்தனை வளர்ந்த கதையை எழுதித் தரக் கேட்டு உருவான தொகுப்பு அது. காந்தியடிகளின் நண்பர் சி. எஃப். ஆண்ட்ரூசும் அதில் எழுதியிருக்கிறார்.

பிறந்த ஊர், படித்த பள்ளிகள், கிடைத்த பாடநூல்கள், ஹாக்கின் பாராட்டு ஆகிய செய்திகள் இக்கட்டுரையில் உள்ளன. சிறுவயதில் கூச்ச சுபாவமும் தனிமை நாட்டமும் புத்தகங்களின் துணையுமே தமக்கு இருந்ததாக எழுதுகிறார். வாழ்க்கைச் செய்திகள் விரைவில் முடிந்து, கட்டுரை கருத்துகளுக்குள் சென்றுவிடுகிறது.

இரண்டாம் கட்டுரை: ‘ஃப்ராக்மென்ட்ஸ் ஆஃப் எ கன்ஃபெஷன்’ (1952)

‘ஒரு வாக்குமூலத்தின் சில துணுக்குகள்’ என்று இத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பால் ஆர்தர் ஷில்ப் என்பவர் பதிப்பித்த ‘வாழும் மெய்யியலாளர்கள் நூலகம்’ என்ற வரிசையில் இராதாகிருஷ்ணன் பற்றிய நூலுக்காக இது எழுதப்பட்டது. இந்த வரிசையில் அவருக்கு முன் ஜான் டூயி (1939), பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் (1944), ஐன்ஸ்டைன் (1949) முதலியோர் பற்றிய நூல்கள் வந்திருந்தன. ஒவ்வொரு நூலிலும் மெய்யியலாளரின் தன்வரலாற்றுக் கட்டுரை முதலிலும், பிற அறிஞர்களின் திறனாய்வுகள் நடுவிலும், அவற்றுக்கு அவர் தரும் மறுமொழி இறுதியிலும் இடம்பெறும்.

தன்வரலாறு கேட்டு வாங்கப்பட்ட இடத்தில், தம் பெற்றோர், முன்னோர், திருமணம், குடும்பம், விருப்பு வெறுப்புகள், போராட்டங்கள், ஏமாற்றங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறார் இராதாகிருஷ்ணன். சமயப் பிடிமானத்தை இழந்து நிற்கும் இலட்சக்கணக்கான மக்களுக்கு ஆன்மிக மதிப்புகளை மீட்டுத் தருவதே தம் வாழ்வின் தலையாய நோக்கம் என்கிறார். கட்டுரையின் மற்ற பகுதிகள் அந்த நோக்கத்தின் விளக்கமே.

அதே காலத்துத் தமிழ் நூல்களுடன் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் ஊர், உறவு, ஆசிரியர், வறுமை, ஏடு தேடிய பயணம் என எதையும் விடவில்லை. திரு. வி. க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944-இல் வெளிவந்தது. காந்தியடிகள் தம் குறைகளையே சோதனைப் பொருளாக்கி எழுதினார். ரஸ்ஸல் தம் காதல்களையும் மணமுறிவுகளையும் மூன்று தொகுதிகளில் (1967–1969) விரிவாக எழுதினார். இவர்களுக்கு நடுவே இராதாகிருஷ்ணன் தம் சிந்தனையின் வரலாற்றை மட்டும் எழுதியவராக நிற்கிறார்.

சொல்லாமல் விட்டவை

இரு கட்டுரைகளிலும் இடம்பெறாத செய்திகளுள் ஒன்று, ஜதுநாத் சின்ஹா வழக்கு. தம் ஆய்வேட்டின் பகுதிகள் ‘இந்தியன் ஃபிலாசஃபி’ இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டுள்ளன என்று சின்ஹா 1929-இல் ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழில் குற்றம் சாட்டினார். பின்னர் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார். இராதாகிருஷ்ணன் அதை மறுத்து, சின்ஹா மீதும் இதழாசிரியர் இராமானந்த சாட்டர்ஜி மீதும் எதிர்வழக்குத் தொடுத்தார். 1933-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டு வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. யார் சொன்னது சரி என்ற தீர்ப்பு எதுவும் வரவில்லை. இன்றும் இணையத்தில் இரு தரப்பாரும் தீர்ப்பு வந்துவிட்டதைப் போலவே எழுதுகின்றனர்.

மற்றொன்று இல்லற வாழ்க்கை. 1956-இல் மறைந்த சிவகாமு அம்மையாரைப் பற்றி இக்கட்டுரைகளிலிருந்து எதையும் அறிய முடியாது.

மகன் எழுதிய வரலாறு

சர்வபள்ளி கோபால் (1923–2002) ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். நேருவின் வாழ்க்கையை மூன்று தொகுதிகளாக எழுதியவர். அவர் எழுதிய ‘இராதாகிருஷ்ணன்: எ பயோகிராஃபி’ புகழுரையாக இல்லை என்பதே அதன் சிறப்பு. தந்தையின் திருமண வாழ்வில் இருந்த குறைகளையும், அதனால் தாய் பட்ட வேதனையையும் அவர் மறைக்கவில்லை. தந்தை பேச மறுத்த பகுதியை மகன் வரலாற்றாசிரியரின் நிதானத்தோடு பதிவு செய்தார்.

பிறந்த தேதியிலும் இந்த வேறுபாடு உண்டு. 1937-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இராதாகிருஷ்ணன் தருவது 1888 செப்டம்பர் 5. ஆனால் தாம் உண்மையில் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே தந்தை கருதினார் எனக் கோபால் குறிப்பிடுகிறார். பள்ளியில் பதிவான தேதிக்கும் வீட்டில் சொல்லும் தேதிக்கும் வேறுபாடு இருப்பது நம் தாத்தா பாட்டி தலைமுறையில் வழக்கமானதே. ஆயினும் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே எழுதியது என்பதால் மட்டும் அது இறுதிச் சான்றாகிவிடாது என்பதற்கு இது எளிய எடுத்துக்காட்டு.

மெய்யியல் கருத்துகளும் திறனாய்வும்

இராதாகிருஷ்ணனின் சிந்தனை சங்கரரின் அத்வைதத்தை அடிப்படையாகக் கொண்டது. மாயை என்பதற்கு உலகம் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. உலகம் பிரம்மத்தைச் சார்ந்து இருப்பது, தனித்து நிற்கும் ஆற்றல் அற்றது என்பதே பொருள் என்றார். எனவே உலகில் ஆற்றும் நற்செயலுக்கு மதிப்பு உண்டு. 1908-இல் மாணவராக அவர் தேடத் தொடங்கிய விடை இதுவே. அறிவை மூன்று வகையாக்கி, புலனறிவு, தருக்க அறிவு ஆகியவற்றுக்கு மேல் உள்ளுணர்வை வைத்தார். எல்லாச் சமயங்களுக்கும் அடியில் இருப்பது இந்த நேரடி அனுபவமே என்பது அவர் கொள்கை.

இக்கருத்துகள் மீது திறனாய்வுகளும் உண்டு. சமயங்கள் அனைத்தையும் ஒரே அனுபவத்தின் வடிவங்கள் என்பது அவற்றின் உண்மையான வேறுபாடுகளை மறைக்கிறது என்பது ஒன்று. ‘தி ஹிந்து வியூ ஆஃப் லைஃப்’ நூலில் சாதி அமைப்புக்கு அவர் தந்த விளக்கம், அதனால் ஒடுக்கப்பட்டவர்களின் துன்பத்தைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது மற்றொன்று. இந்து சமயத்தைப் பெரும்பாலும் அத்வைதமாகவே காட்டினார் என்ற குறையும் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டில் வேரூன்றிய சைவ சித்தாந்தத்துக்கு ‘இந்தியன் ஃபிலாசஃபி’யில் ஓர் இயலின் ஒரு பகுதியே கிடைத்துள்ளது.

இக்குறைகளுக்கான காரணம் அவருடைய தன்வரலாற்றுக் கட்டுரைகளிலேயே தெரிகிறது. அவர் எழுதத் தொடங்கியது ஒரு குற்றச்சாட்டுக்கு விடையாக. கேள்வியை எதிர்த்தரப்பு வகுத்துவிட்டால் விடையும் அந்த அளவுக்குள்தான் அமையும். மேலைநாட்டார் கேட்ட கேள்விகளுக்கு வெளியே இருந்த நாட்டார் தெய்வங்களும் திருமுறைகளும் சித்தர் மரபும் அந்த விடைக்குள் அதிகம் வரவில்லை.

கல்விக்கு ஆற்றிய பணி

அவர் தலைமையேற்ற பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் அறிக்கை அளித்தது. பல்கலைக்கழக மானியக் குழு உருவானதற்கு அதன் பரிந்துரை ஒரு காரணம். கிராமப்புற மக்களுக்கு அவர்கள் சூழலுக்கு ஏற்ற உயர்கல்வி வேண்டும் என்றும், அதற்குக் கிராமப் பல்கலைக்கழகங்கள் அமைய வேண்டும் என்றும் அக்குழு வற்புறுத்தியது. அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக 1956-இல் நாட்டின் சில இடங்களில் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமமும், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் ஸ்ரீ இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவை. கொங்கு நாட்டில் உழவர் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு வித்யாலயம் வழியாகவே உயர்கல்வி எட்டியது.

செவிவழிக் கதைகளும் சான்றுகளும்

ஒவ்வொரு செப்டம்பரிலும் பள்ளிகளில் கட்டுரைப் போட்டிகள் நடக்கின்றன. தம் பிறந்த நாளைக் கொண்டாட விரும்பிய மாணவர்களிடம், அதை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுங்கள் என்று அவர் கூறிய கதை ஏறத்தாழ எல்லாக் கட்டுரைகளிலும் வரும். ஆசிரியர் நாள் கொண்டாடத் தொடங்கியது 1962-இல். அவருடைய தன்வரலாற்றுக் கட்டுரைகள் இரண்டும் அதற்கு முற்பட்டவை. ஆகவே அக்கதைக்கு அவருடைய இவ்விரு எழுத்துகளில் சான்று தேட முடியாது. இதனால் கதை பொய் என்று ஆகிவிடாது. அது வேறு வகைச் செய்தி, வேறு வகையில் சரிபார்க்க வேண்டியது என்றே ஆகும்.

இராதாகிருஷ்ணனைப் பற்றி எழுதும் மாணவர்கள் ஒவ்வொரு செய்தியையும் மூன்றில் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கலாம்: அவரே எழுதியது, கோபாலைப் போன்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களைக் கொண்டு எழுதியது, வாய்வழியாக வந்தது. முதல் வரிசையில் அவருடைய சிந்தனை வளர்ந்த கதை கிடைக்கும். இரண்டாவதில் சிந்தனையாளரோடு கணவரும் தந்தையும் சேர்ந்து தெரிவர். மூன்றாவதில் மக்கள் தங்கள் ஆசிரியர்களிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரியும்.

ஆசிரியர் நாளில் நினைக்கத்தக்க ஒரு நிகழ்ச்சி முதல் வரிசையிலேயே இருக்கிறது. தம் நம்பிக்கையை மறுத்து மாணவர் எழுதிய ஆய்வேட்டைப் படித்து, அதன் தகுதியை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்ட ஹாக்கின் சான்றே அது. இராதாகிருஷ்ணன் அதை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மறக்காமல் எழுதி வைத்தார். பெற்றோரையும் குடும்பத்தையும் பற்றிப் பேச மறுத்தவர் தம் ஆசிரியரைப் பற்றிப் பேச மறுக்கவில்லை.